வானத்துத் தோம்பு

மன்னார்க் குடாவின் மறுகரையில், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலே, ரொக்கெற் ஏவுதளம் ஒன்று அமைப்பதற்கு 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆந்திரக் கரையில் ஸ்ரீஹரிகோட்டா என்னும் பெருந்தளம் ஏற்கெனவே இருக்க, இன்னொன்று எதற்கு என்று கேட்போருக்கு நமது தீவே விடை. துருவங்களின் மேலாகச் சுற்றவேண்டிய செய்மதியை ஏவும் ரொக்கெற் தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்தெற்கே போனால் அது இலங்கையின் மேலாகப் பறக்கும். எரிந்து கழலும் பாகங்களை அயல்நாட்டு மக்களின் தலைமேல் விழவிடலாகாது. ஆகவே அது முதலில் தென்கிழக்கே ஓடி, தீவை விலகிச் சுற்றி, அதன்பின்னரே தெற்கே திரும்புகின்றது. இந்தச் சுற்றுவழிக்கு எரிபொருள் செலவாகும். பெரிய ரொக்கெற் அந்த நட்டத்தைத் தாங்கும், சிறியது தாங்காது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே வெறுங்கடல்; வளைய வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால், விண்வெளி யுகத்திலே இந்நாடு இதுவரை வகித்த பங்கு வழியிலே கிடக்கும் தடை என்ற பங்கே. இதைக் கண்டு மனம் புழுங்கி, நமக்கும் ஓர் ஏவுதளம், நமக்கும் ஒரு பெருஞ்செய்மதி என்று ஆசைப்படுவார் கொழும்பிலும் உளர், யாழ்ப்பாணத்திலும் உளர். அவர்களுடைய ஆர்வத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டில் விண்வெளித் தொழில் வேரூன்றுவது ரொக்கெற்றிலிருந்தா, வயலிலிருந்தா என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும். உலகெங்கும் விண்வெளித் துறையில் ஆண்டுதோறும் புரளும் பணத்தில் ரொக்கெற் ஏவுவோருக்குக் கிடைக்கும் பங்கு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டுவதில்லை. பெருந்தொகை போய்ச் சேர்வது செய்மதி தரும் சேவைகளுக்கும், அச்சேவைகளைத் தரையிலே வாங்கிப் பயன்படுத்தும் கருவிகளுக்குமே. கைத்தொலைபேசியில் இடம் காட்டும் படம், தொலைக்காட்சி, கப்பலின் திசைகாட்டி, பயிரின் நிலை கூறும் அறிக்கை ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். மேலே போவது சிறுபகுதி. கீழே விளைவதே பெரும்பகுதி.

இதை இந்தியா நமக்கு வெகுகாலத்துக்கு முன்னரே காட்டிவிட்டது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து அந்நாட்டின் முதலாவது ரொக்கெற் எழுந்தது. அது அமெரிக்காவில் செய்யப்பட்டது. கிராமத்துத் தேவாலயமே வேலைக் கந்தோர்; பாகங்கள் சைக்கிளிலே சென்றன. தலைமன்னாருக்கு எதிர்க்கரையான இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அன்று அங்கே வேலைசெய்த இளைஞருள் ஒருவர். அம்முயற்சியின் தலைவரான விக்கிரம் சாராபாய், சந்திரனுக்குப் போகும் போட்டியில் செல்வ நாடுகளோடு ஓடுவதற்குத் தாம் இதில் இறங்கவில்லை என்பதை வெளிப்படையாகவே கூறியவர். ஏழைநாட்டின் இன்னல்களுக்கு இதிலே மருந்துண்டா என்பதே அவர் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதல் விடை தென்னந்தோப்பிலே கிடைத்தது. 1970இல் பிஷரோடி என்ற அறிஞர் கேரளத்துத் தென்னைகளின் மேலாக ஹெலிகொப்டரிற் பறந்து, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் சுருளிற் படமெடுத்தார். வேர்வாடல் நோய் கண்ட மரங்கள் வெறுங்கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும்போதே படத்தில் வேறுபட்டு நின்றன. செய்மதியில்லை, ரொக்கெற்றில்லை, தென்னை நோய்க்கு ஒரு படம் மட்டுமே. நமது கமக்காரர் இதை நினைவில் இருத்தவேண்டும். ஏனெனில் பின்னர் வந்த அனைத்தும் இதன் கிளைகளே.

அடுத்தது 1975 ஆகஸ்டு முதலாம் நாள் தொடங்கி 1976 யூலை முடிய ஓராண்டு நடந்த தொலைக்காட்சிச் சோதனை. அதற்கும் செய்மதி இந்தியாவினுடையதன்று. அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்றது. ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில், கோழிக்கூட்டுக் கம்பிவலை போன்ற வலையினாற் செய்த பத்தடி அகல ஏந்திகளை நாட்டி, காலையிற் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையிற் கமக்காரருக்கும் நிகழ்ச்சிகளை அந்தந்த மொழியிலே காட்டினார்கள். அந்தப் பெட்டிகளையும் ஏந்திகளையும் செய்தவர்களும், மின்சாரம் ஒழுங்காக வராத கிராமங்களில் அவை பழுதுபட்டபோது திருத்தியவர்களும், நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர்களும் இந்தியரே. இரவல் செய்மதி திரும்பிப் போயிற்று. கற்ற தொழில் நாட்டிலே தங்கிற்று. நிலத்தைப் படமெடுக்கும் முதலாவது முழுப்பயன் செய்மதி 1988 மார்ச்சில் ஏறியது. அதுவும் சோவியத் ரொக்கெற்றிலேதான். துருவப் பாதைக்குச் செய்மதி ஏற்றும் சொந்த ரொக்கெற் முதன்முதலில் வெற்றிகண்டது 1994 ஒக்டோபரில். தென்னந்தோப்புப் படத்துக்கும் சொந்த ரொக்கெற்றுக்கும் இடையில் இருபத்துநான்கு ஆண்டுகள்! அந்த இருபத்துநான்கு ஆண்டுகளும் வாடகை வண்டியிலே சவாரிசெய்துகொண்டு அவர்கள் வழியைப் படித்தார்கள். 2020இல் தனியார் நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தபோது உள்ளே நுழைய ஆளிருந்தது. ஏனெனில் அறைகூவலுக்கு முன்னரே தொழில் இருந்தது. அவ்வளவுக்குப் பின்னரும் உலக விண்வெளி வருமானத்தில் தனது பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டுதான் என்பதை இந்திய அரசாங்கமே ஒப்புக்கொள்கின்றது.

நிற்க, நமது நாட்டின் கணக்கைப் பார்ப்போம். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தும் செய்மதி ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும், அதனால் உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் கிளார்க், 1956 தொடங்கி 2008இல் இறக்கும்வரை இத்தீவிலே வாழ்ந்தார். அவர் பெயரால் 1984இல் ஒரு சட்டம் இயற்றி மொறட்டுவையில் நிலையமும் அமைத்தார்கள். இதைவிட நல்ல தொடக்கம் எந்தச் சிறுநாட்டுக்கும் வாய்த்ததில்லை. பின்னர் நடந்தவை யாவை? 2012இல் சீனச் செய்மதியொன்றின் ஒரு பகுதியைத் தனியார் நிறுவனமொன்று குத்தகைக்கு எடுத்து இலங்கைப் பெயர் சூட்டியபோது நாடே விண்ணுக்கு ஏறிவிட்டதாக முழக்கம் எழுந்தது. 2017 மே மாதத்தில் இந்தியா தென்னாசிய நாடுகளுக்கென ஒரு செய்மதியை ஏற்றி அதிற் பங்குதர முன்வந்தது. அதைக்கொண்டு நமது கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றிலாவது ஒரு பாடம் நடந்ததை நாம் கண்டதில்லை. 2019இல் யப்பானியப் பல்கலைக்கழகமொன்றில் இரு இலங்கை இளம் பொறியியலாளர் ஒரு கிலோகிராம் அளவான செய்மதியைச் செய்து விண்ணில் விட்டனர். அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அதற்கு இராவணன் என்று பெயரிட்டார்கள். இராவணனைத் தமிழ் வேந்தன் என்று நம்மவர் மேடைதோறும் முழங்கிய காலத்தில் அவனை ஏறெடுத்தும் பாராதவர்கள், இன்று அவன் தங்களுடைய மன்னன் என்றும் முதலில் விமானம் ஓட்டியவன் என்றும் உரிமை கொண்டாடுகின்றனர். மன்னனை யார் வைத்துக்கொண்டாலென்ன, அவன் செய்மதி யாருடைய வயலைப் பார்த்தது என்பதே நமது கேள்வி.

2024இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, அமெரிக்கக் கம்பனியின் ஸ்டார்லிங்க் சேவைக்கு அனுமதி அளிக்கப்பட்டது. 2025 யூலையில் அது இங்கே வந்தது. நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு இது நன்மையே, நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் செய்மதி அவர்களுடையது, ஏந்தி அவர்களுடையது, கணக்குப் பதிவு அவர்களுடையது, மாதச் சந்தா மாத்திரம் நம்முடையது என்றிருக்கும் ஒன்றைத் தேசியத் தொழில் என்று எவரும் அழைக்கமாட்டார்.

இனி வயலுக்கு வருவோம். வடக்குக் கிழக்கிலே காலபோகம் விளைவது மாரிமேகத்தின் கீழ். சாதாரணச் செய்மதிப் படத்தில் அக்காலத்தில் வெண்மேகமே தெரியும். ஆனால் ராடர் கதிர் மேகத்தை ஊடுருவிச் செல்லும். 2014 முதல் ஐரோப்பியரின் சென்ரினல் செய்மதி சில நாட்களுக்கு ஒருமுறை உலகை ராடராற் படமெடுத்து, அப்படங்களை எவருக்கும் இலவசமாகவே கொடுத்துவருகின்றது. நீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் அக்கதிரை அப்பாலே தெறிக்கவிடுவதால் படத்திற் கறுப்பாகத் தோன்றும். பயிர் எழ எழக் கதிர் திரும்பிவந்து படம் வெளிறும். கறுத்த நாளிலிருந்து வெளிறும் நாட்களை எண்ணினால் எந்த வயல் எப்போது விதைத்தது என்பது தெரியும். வெளிறிய வயல் திடீரெனக் கறுத்தால் வெள்ளம் மூடிவிட்டது என்பது தெரியும். தமிழ்நாட்டில் 2016–17இன் கொடிய வறட்சியின்போது, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இம்முறையைக் கையாண்டு நெற்பயிர்க் காப்புறுதிக்கு வேண்டிய கணக்கை எடுத்துக் கொடுத்தது.

2018 டிசெம்பர் இறுதியில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தின் பின்னர் நட்டஈடு கேட்கும் கமக்காரன் கமநல சேவை நிலையத்துக்கு நடக்கின்றான். உத்தியோகத்தர் வயலுக்கு வரும்போது நீர் வற்றிவிடுகின்றது. எத்தனை நாள் பயிர் நீருக்குள் நின்றது என்பது வாய்ச்சொல்லுக்கு எதிர் வாய்ச்சொல்லாகி விடுகின்றது. எட்டு நாள் நின்றது என்கிறான் ஒருவன்; மூன்று நாள்தான் என்கிறது அறிக்கை. இந்த வழக்குக்குப் பொய் சொல்லாத ஒரு சாட்சி வானத்தில் இருக்கின்றது. அதை அழைப்பார் இல்லை. இலவசமாகக் கொட்டிக்கிடக்கும் படத்தை வாசித்து, வயற்கண்டத்தின் பெயரோடு பொருத்தி, தமிழில் ஒரு பக்க அறிக்கையாகத் தரும் பத்து இளைஞர் கிளிநொச்சியில் இருப்பார்களேயானால் அதுவே விண்வெளித் தொழில். அதற்கு ரொக்கெற் வேண்டாம்; சில கணினிகளும், நெல்லும் ராடரும் இரண்டும் அறிந்த ஓர் ஆசிரியரும் போதும். அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அயலயலே இருக்கின்றன. இந்த இரு பீடங்களுக்கும் நடுவே போடவேண்டிய மேசை ஒன்றுதான் குறை.

கடலைப்பற்றியும் ஒருவார்த்தை. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. ஆழ்கடலில் நமது கலங்கள் எங்கே என்ன பிடிக்கின்றன என்று இந்நாட்டு அரசாங்கத்துக்கே தெரியாதென்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. செய்மதி வழியாக இடமறிவிக்கும் கருவிகளை ஆயிரத்துக்கு மேற்பட்ட பலநாட் கலங்களிற் பொருத்தத் தொடங்கிய பின்னரே, 2016இல் தடை நீங்கியது. செய்மதிச் சேவை இல்லாமற் போனால் மீன் விலைப்படாது என்பதை ஒன்றரை ஆண்டு வருமானத்தை இழந்து இந்நாடு கற்றுக்கொண்டது. ஆனால் பாக்கு நீரிணையில் தமது வலைகளை இழந்து நிற்கும் சிறுபடகுக்காரருக்கு அந்தப் பாடத்தின் பயன் வந்துசேரவில்லை. இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. எதிர்க்கரையிலிருந்து இரவிலே வரும் இழுவைப் படகுகளின் விளக்கொளியும் ராடர்த் தெறிப்பும் செய்மதிப் பதிவுகளில் உண்டு. இவற்றை மாதாமாதம் தொகுத்து இரு அரசாங்கங்களின் முன்னும் வைத்தால் பேச்சுவார்த்தை இப்போது போல மறுப்பும் எதிர்மறுப்புமாக முடியாது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் நிலையம், கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் செய்மதியால் அளந்து மீன் கூடும் இடங்களைத் தமிழிலும் அறிவிக்கின்றது. இராமேசுவரத்து மீனவனுக்குத் தமிழில் கிடைக்கும் அறிவிப்பு, பேசாலை மீனவனுக்கு எந்த மொழியில் எவர் கொடுக்கின்றார்? கலங்கிய ஆழமற்ற நீரில் அந்தக் கணிப்புப் பிழைக்கக்கூடும் என்பதையும் சொல்லிவைப்பது நேர்மை. பாக்கு நீரிணைக்கு வேறு கணிப்பு வேண்டும், அதை இங்குள்ளோரே செய்யவேண்டும்.

இதுவரை சொன்னவற்றைவிட நமக்கு மிகவும் கிட்டிய விஷயம் காணி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தை வழக்கறிஞர்கள் அறிவர். காடாகவும் தரிசாகவும், குடியில்லாமலும் செய்கையில்லாமலும் கிடக்கும் நிலம் எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதென ஊகிக்கப்படும் என்பது அதன் ஆறாம் பிரிவின் சாரம். கோப்பித் தோட்டக் காலத்து ஆங்கிலேயன் தன் வசதிக்கு எழுதிய இந்த ஊகத்தின் சுமை, போருக்குப்பின் வன்னிக் கமக்காரன் தலைமேல் வந்து இறங்கியது. பத்தும் இருபதும் ஆண்டுகள் இடம்பெயர்ந்து வாழ்ந்தவன் திரும்பி வந்தபோது அவன் வயலிலே பாலையும் வீரையும் வளர்ந்திருந்தன. வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டியது. வானிலிருந்து பார்த்தால் காடாகத்தான் இருக்கின்றது என்றது. பார்த்தது உண்மை. ஆனால் எந்த ஆண்டிற் பார்த்தது? வழக்கின் முழு உயிரும் இந்தக் கேள்வியிலே இருக்கின்றது. 2010இல் எடுத்த ஒரு படம் அந்த நிலம் 2010இல் எப்படி இருந்தது என்பதற்கு மாத்திரம் சாட்சி. 1983இல் அங்கே நெல் விளைந்ததா என்பதற்கு அது சாட்சியாகாது.

2025 மார்ச் 28ஆம் நாள் வெளியான வர்த்தமானியையும் இங்கே நினைவூட்டுகிறோம். வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வரவேண்டும், இல்லையேல் அது அரச காணியாகும் என்றது அந்த அறிவித்தல். உறுதி எரிந்துபோனவன், உறுதி இருந்தும் கனடாவிலும் தமிழ்நாட்டிலும் இருப்பவன், அறிவித்தலே கண்ணிற் படாதவன் ஆகிய எல்லாருக்கும் மூன்று மாதம்! உயர் நீதிமன்றம் யூனில் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் வர்த்தமானியை மீளப்பெற்றது. இம்முறை தப்பினோம். அடுத்தமுறை சான்றுகேட்டால் நாம் எதைக் காட்டுவோம்?

போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் காணிகளைத் தோம்பிலே எழுதிவைத்தார்கள். வரி வாங்குவதற்காக எழுதினார்கள். ஆனால் பிற்காலத்தில் அதே தோம்பு குடிமகனின் கையிலும் ஆயுதமாயிற்று. வானத்திலும் ஒரு தோம்பு எழுதப்பட்டு வருகின்றது. 1972 முதல் அமெரிக்காவின் லாண்ட்சற் செய்மதிகள் நிலத்தைப் படமெடுத்து வருகின்றன. 2008 தொடக்கம் அந்தப் பழைய படங்கள் அனைத்தையும் எவரும் விலையின்றிப் பெறலாம். எழுபதுகளின் படங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். ஆகவே தனி வயல் தெரியாது, வயல்வெளி தெரியும். எண்பதுகளிற் புதிய கருவி வந்தபின் ஒரு புள்ளி ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. ஐந்து ஏக்கர் வயலுக்கு இருபதுக்கு மேற்பட்ட புள்ளிகள். வரம்பு தெரியாவிட்டாலும், அது காடா வயலா என்பதில் ஐயம் இராது. இரண்டு பரப்பு வீட்டு வளவுக்கு இது உதவாது என்பதையும் கூறிவிடுகிறோம். அதற்கும் முன்னே, 1956இல், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியோடு இத்தீவு விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. நமது மொழியின் உரிமையைப் பறித்த அதே ஆண்டு நமது வயல்களின் உருவத்தைப் பதிந்து வைத்தது!

இப்படங்கள் நீதிமன்றத்தில் ஏறுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் கணினி தரும் சான்றுக்கு இடமளிக்கின்றது, எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்து, பதிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் காட்டவேண்டும். படத்துக்குப் பொருள் கூறுபவர் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி நிபுணராகச் சாட்சியமளிக்கலாம். சட்டம் தடையாக இல்லை. வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ கூண்டிலேறி, தமிழிலே, குறுக்கு விசாரணைக்கு அசையாமற் பதில்கூறக்கூடிய படவாசிப்பு நிபுணர்கள் போதியளவு இல்லை என்பதே குறை. நில அளவையாளர் என்ற தொழில் ஒருகாலத்தில் நமது இளைஞர்க்கு வாழ்வளித்தது போல, இதுவும் ஒரு தொழில்.

வானத்துச் சாட்சியைப்பற்றி நாம் பேசும்போது 2009ஐப் பேசாமல் விடமுடியாது. முள்ளிவாய்க்காலுக்குள் எந்தப் பத்திரிகையாளரும் போகமுடியாதிருந்த நாட்களில், ஐக்கிய நாடுகளின் செய்மதிப் பிரிவு அந்தக் கரையைப் படங்களில் ஆராய்ந்தது. 2011இல் வெளியான செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை அப்படங்களை ஆதாரமாகக் கொண்டது. படம் உயிரைக் காக்கவில்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவும் விடவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். “தேசிய விண்வெளித் தொழில் என்கிறீர்கள், யாருடைய தேசியம்? நம்மை வேவு பார்க்க அவர்களுக்கு இன்னொரு கண்ணைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?” என்று நமது நண்பர் சிலர் கேட்பர். அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று. ஆயினும் கண் ஏற்கெனவே மேலே இருக்கின்றது. யாரிடமிருந்தும் நாம் அதைத் தடுக்கமுடியாது. படத்தை அரசாங்கத் திணைக்களம் மாத்திரம் வாசிக்கும் நாட்டில் அது வேவு; குடிமகனும் வாசிக்கும் நாட்டில் அது சாட்சி. ஆகவே தொழிலைக் கொழும்பிலே ஒரே கட்டடத்துக்குள் அடைத்து, பாதுகாப்பு அமைச்சின் திறப்புக்கோர்வையில் மாட்டிவிடும் எந்தத் திட்டத்தையும் நாம் எதிர்ப்போம். காணியும் கமத்தொழிலும் மாகாணங்களுக்குரியவை என்று 13ஆம் திருத்தத்திலே எழுதிவைத்துவிட்டு, 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி விட்டவர்கள், மாகாணத்துக்கு நிலப்படத்தை மட்டும் மனமுவந்து தருவார்கள் என்று நாம் நம்பவில்லை. கேட்டுப் பெறவேண்டும்.

மொழியையும் கேட்டுப் பெறவேண்டும். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிய புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயல் ஆகியவற்றின் காலத்தில் செய்மதி மேலே இருந்தும் செய்தி கீழே வரவில்லை. 2004இல் ஆழிப்பேரலைக்கு எச்சரிக்கையே இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது எச்சரிக்கைக் கருவிகளும் படங்களும் இருந்தன; தமிழில் அறிவித்தல்கள் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. தமிழ் அரசகரும மொழி என்று 1987இல் எழுதியாயிற்று. பல்லாயிரம் மைல் தூரத்திலிருந்து வினாடியில் வந்த தகவல், கொழும்பில் மொழிபெயர்ப்பாளர் மேசையிலே ஒருநாள் தூங்குமேயானால், செய்மதிக்குக் கொடுத்த பணம் கடலில் எறிந்த பணமே.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிய செலவுள்ள காரியமன்று. கமக்காப்புறுதிச் சபை தனது நட்டமதிப்பீட்டுக்குச் செய்மதி அறிக்கையை ஏற்கவேண்டும். அந்த அறிக்கையை மாவட்டந்தோறும் உள்ளூர் நிறுவனங்களிடம் விலைகொடுத்து வாங்கவேண்டும். தொழிலுக்கு மானியம் வேண்டியதில்லை. வாங்கும் ஒருவர் வேண்டும். இந்தியாவில் அரசாங்கமே முதல் வாடிக்கையாளராக நின்றபடியாற்றான் தொழில் நிமிர்ந்தது. நில அளவைத் திணைக்களம் பழைய விமானப் படங்களை, 1956ஆம் ஆண்டினவற்றை முதலாகக் கொண்டு, கணினியிலேற்றி எவரும் பார்க்க விடவேண்டும். வனத் திணைக்களம் எல்லை குறிக்கும்போது எந்தத் திகதியிலெடுத்த எந்தப் படத்தை ஆதாரமாகக் கொண்டதென்பதை வர்த்தமானியிலேயே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். ஒரு கிராமத்தில் ஒருவர் கேட்டாலும் போதும்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. காணிப் பிணக்குள்ள வாசகர்கள் தமது உறுதி, அனுமதிப்பத்திரம், நெற்காணி இடாப்பின் பிரதி என்பவற்றோடு குளத்தின் பெயரையும் வயற்கண்டத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியையும் கணினி தெரிந்த ஓர் இளைஞனையும் ஒரே மேசையில் இருத்தட்டும். எல்லா ஆண்டுக்கும் எல்லா மாதத்துக்கும் படம் இராது. இருப்பதிலும் பல மேகம் மூடியவை. மாரி ஓய்ந்து வானம் வெளிக்கும் மாசி மாதத்துப் படங்களிலிருந்து தொடங்குவது நன்று. அதே ஆண்டின் ஆடி, ஆவணிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அறுவடைக்குப்பின் வயல் வெளிறிக் கிடக்கும், காடு அப்போதும் கருமையாகவே நிற்கும்.